பெலும் குகைச் சமாதானம்

கார்க் கதவைத் திறந்த பேயாண்டி, உள்ளே ஆண்டிச்சாமி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கதவைத் திரும்பச் சாத்திவிட்டார். சாத்திய கையோடு, வீட்டு வாசலில் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கனகலட்சுமி அந்த நேரம் பார்த்துப் பூட்டை இழுத்துச் சரிபார்க்கத் தொடங்கினாள். அது ஏற்கெனவே நன்றாகப் பூட்டியிருந்த பூட்டு.

ஆண்டிச்சாமி அவளுடைய உடன்பிறந்த அண்ணன். பேயாண்டிக்கு மச்சான். ஏழெட்டு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவர் வருகிற தெருவில் இன்னொருவர் வரமாட்டார். ஒருவர் பந்தியில் உட்கார்ந்தால் இன்னொருவருக்குப் பசிக்காது.

பரவையில் இவர்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று பிடித்தது அந்தச் சனி. உசிலம்பட்டியிலிருந்து ஆண்டிச்சாமி பிறந்த வீட்டுச் சீர் கொண்டுவந்தார். கொட்டு முழங்க, தாம்பாளங்கள் வரிசை கட்ட, சொந்தபந்தம் அத்தனையும் பார்த்திருக்க, வாசல் வரை வந்தாயிற்று. பேயாண்டி கும்பிட்டு வரவேற்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவருக்குச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து வெற்றிலை வியாபாரம். வெற்றிலையைக் கண்ட இடத்தில் கை சும்மா இருக்காது. முதல் தாம்பாளத்திலிருந்து ஒரு வெற்றிலையை உருவி, காம்பைக் கிள்ளி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இது நேத்துப் பறிச்சதா மச்சான், முந்தாநாளா?" என்று கேட்டார்.

வியாபாரி கேட்கிற கேள்விதான். கொட்டு மட்டும் அந்த நேரத்தில் நின்றுபோகாமல் இருந்திருந்தால் யார் காதிலும் விழுந்திருக்காது. சீர் கொண்டுவந்தவனைச் சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது போலப் பார்க்கிறாரே என்று ஆண்டிச்சாமி தாம்பாளத்தை வாசற்படியிலேயே இறக்கி வைத்துவிட்டு, வந்த வண்டியிலேயே திரும்பிப் போனார். கொட்டுக்காரர்கள் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள்.

அதன்பிறகு கனகலட்சுமி வருடா வருடம் பொங்கல் கழிந்ததும் சமாதானப் பேச்சை எடுப்பாள். எடுத்த உடனே பேயாண்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இந்த வீட்டில் மனுசன் நிம்மதியாக இருக்க முடியாது என்று வெற்றிலை லோடோடு பெங்களூருக்குக் கிளம்பிவிடுவார். அங்கே உசிலம்பட்டியில் அவளுடைய மதினி ராமக்காளும் அதே பேச்சை எடுப்பாள். ஆண்டிச்சாமிக்கும் அதே கோபம் வந்து, காங்கேயம் பக்கம் காளை பார்க்கப் போகிறேன் என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விடுவார். திரும்பும்போது காளையும் வராது, கோபமும் தீர்ந்திருக்காது.

இப்போது மகள் திவ்யாவுக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் சீர் இல்லாமல் பெண் மணவறை ஏறினால் ஊர் என்ன பேசும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அப்பா இல்லாத வீட்டில் தன்னைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன், தன் பெண் கல்யாணத்தில் நிற்கவில்லை என்றால் கனகலட்சுமிக்கு நெஞ்சு தாங்காது. இதை நினைத்து அவள் அடுப்படியில் அழாத நாள் குறைவு.

குகை யோசனையைக் கொடுத்தவள் ராமக்காள். வீட்டுக்காரர் எந்நேரமும் போனில் குகைப் படமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆலமர விழுது மாதிரி கல் தொங்குகிறதாம் என்று சொன்னாள். கனகலட்சுமிக்கு உடம்பு சிலிர்த்தது. பேயாண்டியும் ஒளித்து ஒளித்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டிக்கொண்டு நிற்கிற இரண்டு மனசுக்கும் ஆண்டவன் ஒரே ஆசையைக் கொடுத்திருக்கிறான் என்றால் அதற்கு அர்த்தம் இல்லாமலா போகும்?

ஆந்திராவில் பெலும் குகை, அதைத் தாண்டி மகாநந்தி தரிசனம் என்று அவளே எல்லாம் ஏற்பாடு செய்தாள். அண்ணன் வரவில்லை என்று புருசனிடமும், புருசன் வரவில்லை என்று அண்ணனிடமும் சொன்னாள். குகை என்றதும் பேயாண்டி தட்டிக்கழிக்கப் பார்த்தார். அது வெறும் பொந்து, அங்கே என்ன இருக்கிறது, கொடைக்கானல் போவோம் என்றார். அவள் விடவில்லை.

இப்போது கார் வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. ஓட்டுகிற அல் அமீன், மதுரை காஜிமார் தெருப் பையன். நாலு வருடமாக இவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் அவன் கார்தான். உள்ளே இருப்பவர் இறங்கினால் வெளியே இருப்பவருக்குப் பயந்த மாதிரி. வெளியே இருப்பவர் ஏறாவிட்டால் உள்ளே இருப்பவருக்குப் பயந்த மாதிரி. இப்படி இரண்டு பேரும் மானத்தை நிறுத்துப் பார்த்ததில் கடைசியில் இரண்டு பேருமே காருக்குள் இருந்தார்கள்.

பேயாண்டியை முன்சீட்டிலும், அண்ணனையும் மதினியையும் நடுவிலும் உட்காரவைத்துவிட்டுக் கனகலட்சுமி பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டாள். முகம் பார்க்காமல் போனால் பாதிச் சண்டை குறையும் என்பது அவள் கணக்கு. வாடிப்பட்டி தாண்டுவதற்குள் பேயாண்டி சீட்டைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்ந்தார். சாய்ந்தது ஆண்டிச்சாமியின் முழங்கால் மேல்.

"அல் அமீனு, முன்னால இருக்கறவுகளச் சீட்ட முன்னுக்குத் தள்ளச் சொல்லுப்பா. முட்டி இடிக்குது."

கை நீட்டினால் தொடுகிற தூரம். ஆனாலும் அல் அமீன் பேயாண்டி பக்கம் திரும்பி, ஒரு சொல் குறையாமல் அதைச் சொன்னான்.

"முட்டி அம்புட்டு நீளமா இருந்தா அவுகள நடந்து வரச் சொல்லு" என்றார் பேயாண்டி.

அதையும் அவன் சொன்னான். திண்டுக்கல் வரை இப்படியே போனது. டீக்கடையில் நிறுத்தியபோது கனகலட்சுமி அவனைத் தனியே கூப்பிட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே சொல்லாதே, கொஞ்சம் நல்ல வார்த்தையாக மாற்றிச் சொல் என்று கேட்டுக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து அவனும் சரி அக்கா என்றான்.

கரூர் தாண்டி ஆண்டிச்சாமி, ஏசியைக் குறைக்கச் சொல், இது என்ன ஐஸ் பெட்டியா என்றார். அல் அமீன் தொண்டையைச் செருமிக்கொண்டு பேயாண்டியிடம் திரும்பினான்.

"அண்ணே, குளுரு உங்களுக்கு ஒத்துக்குதா, நெஞ்சுல சளி கட்டிறப் போகுதுன்னு மச்சான் வெசனப்படுறாக."

ஆண்டிச்சாமிக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை அவனும் யோசிக்கவில்லை, கனகலட்சுமியும் யோசிக்கவில்லை. நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று அவர் எகிறினார். என்னை வைத்துக் கேலி செய்கிறாயா என்று பேயாண்டியும் எகிறினார். ஏழெட்டு வருடத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரு விசயத்தில் ஒன்றுபட்டார்கள்: இனிமேல் அல் அமீனோடும் பேசுவதில்லை. தூது போக ஆள் இல்லாமல் போனதால் ஏசியைக் குறைக்கச் சொல்லவும் ஆள் இல்லை. ஓசூர் போய்ச் சேர்வதற்குள் காருக்குள் ஐந்து பேரும் விறைத்துப்போனார்கள். கனகலட்சுமிக்குத்தான் சளி பிடித்தது.

ராத்திரி அங்கேயே தங்கி, காலையில் கிளம்பி, மத்தியானச் சாப்பாட்டுக்குத் தாடிபத்ரியில் இறங்கினார்கள். மனசு குளிர்ந்திருக்கிற நேரம் வயிறு நிறைந்த நேரம்தான் என்று கனகலட்சுமி தன் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். கொடிக்காலிலிருந்து கிள்ளி, வாழைமட்டையில் ஈரத்தோடு சுருட்டிக் கொண்டுவந்திருந்த வெற்றிலை. எந்த வெற்றிலையால் உறவு முறிந்ததோ அதே வெற்றிலையால் ஒட்ட வைத்துவிடலாம் என்று நம்பினாள். தட்டில் பாக்கும் சுண்ணாம்பும் வைத்து அண்ணன் முன்னால் நீட்டினாள்.

ஆண்டிச்சாமி ஒன்றை எடுத்தார். காம்பைக் கிள்ளினார். ஓட்டல் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இது நேத்துப் பறிச்சதா, முந்தாநாளா?" என்று உத்தரத்தைப் பார்த்துக் கேட்டார்.

பேயாண்டி மோர்ச் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று ராமக்காள் மெல்லச் சொன்னாள். கனகலட்சுமி மிச்ச வெற்றிலையை வாழைமட்டையில் திரும்பச் சுருட்டினாள்.

வெட்டவெளிச் சமவெளியில் பெரிய கிணறு மாதிரி வாயைத் திறந்துகொண்டிருந்தது குகை. அல் அமீனும் சேர்ந்து ஐந்து பேரும் படி இறங்கினார்கள். பாதி தூரத்திலேயே வெளிக்காற்று நின்று, வேகவைத்த மாதிரி ஒரு புழுக்கம் உடம்பில் ஒட்டியது. கூட வந்த கைடு வேலைக்குப் புதிது. கொஞ்சம் தமிழ் தெரிந்தவன். எதையும் கையால் தொடக் கூடாது, மனிதக் கையின் பிசுக்குப் பட்டால் கல் வளர்வது நின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டு முன்னே நடந்தான்.

கல் வளருமா என்று ராமக்காள் கேட்டாள். வளரும் என்றான். மேலே பெய்கிற மழை சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி, அதைக் கரைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக இறங்குமாம். ஒவ்வொரு சொட்டும் போகும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போகுமாம். அப்படித்தான் இத்தனையும் உண்டானது என்று டார்ச்சை மேலே அடித்தான்.

கனகலட்சுமி அண்ணாந்து பார்த்தாள். ஒரு கூடம் முழுக்க ஆலம் விழுதுகள் கல்லாகத் தொங்கின. இன்னொரு கூடத்தின் கூரை முழுவதும் படமெடுத்த நாகங்கள். அடுத்ததில் லிங்கங்கள், எண்ணிக்கையில் அடங்காத சின்னச் சின்ன லிங்கங்கள், ஈரத்தில் மின்னிக்கொண்டு. ஓரிடத்தில் கைடு ஒரு கட்டையால் தொங்குகிற கல்லைத் தட்டிக் காட்டினான். கோவில் மணியின் நாதம் வந்தது. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். மனிதன் கண்ணில் படாமலே இருட்டுக்குள் இவ்வளவு காலமாக ஒருத்தன் இதையெல்லாம் செய்துகொண்டிருந்திருக்கிறான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

ஒரு மூலையில் மேலிருந்து ஒரு கல் இறங்கியிருந்தது. அதற்கு நேர் கீழே தரையிலிருந்து ஒரு கல் ஏறியிருந்தது. நடுவில் ஒரு சாண் இடைவெளி. இரண்டும் ஒருநாள் சேர்ந்து ஒரே தூணாகிவிடும் என்றான் கைடு. கனகலட்சுமி இந்தப் பக்கம் நின்ற புருசனைப் பார்த்தாள். அந்தப் பக்கம் நின்ற அண்ணனைப் பார்த்தாள்.

"எப்பத் தம்பி சேரும்?"

அதற்கு இன்னும் ஆயிரக்கணக்கான வருடம் ஆகும் அம்மா என்றான்.

"ஆவணியில கல்யாணம் தம்பி" என்றாள் அவள். கைடுக்கு ஒன்றும் புரியவில்லை.

பாதாள கங்கை என்கிற இடத்துக்கு வந்தபோது அவளிடம் வேறு வழி எதுவும் மிச்சமில்லை. பாறைச் சந்தில் ஒரு சிற்றோடை ஓடி எங்கோ ஆழத்தில் மறைந்தது. சேலையைச் சரிசெய்துகொண்டு, தலை அடிபடாத இடமாகப் பார்த்து, கனகலட்சுமி கண்ணை மூடிச் சாய்ந்தாள். நடிப்பு என்று ராமக்காளுக்குத் தெரியாது. அவள் போட்ட சத்தத்தில் குகையே அதிர்ந்தது. கைடு ஆளைக் கூட்டிவர மேலே ஓடினான். அவன் பின்னாலேயே அல் அமீன் தண்ணீர் கொண்டுவர ஓடினான். ஆள் வரும் வரை காத்திருக்க முடியாத புழுக்கம்.

தூக்க வேண்டும். இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டே கனகலட்சுமி காதைத் தீட்டினாள்.

"மதினி, தங்கச்சிக்குத் தலமாட்ட நான் புடிக்கிறேன்னு அவுகட்ட சொல்லு" என்று ராமக்காளிடம் சொன்னார் ஆண்டிச்சாமி. பதற்றத்தில் முறை குழம்பி, கட்டிய மனைவியையே மதினி என்று கூப்பிட்டுவிட்டார். கட்டிய புருசன் இருக்கும்போது தலைமாட்டை வேறு யார் பிடிப்பது என்று பேயாண்டி பாறையைப் பார்த்துக் கேட்டார். தலைமாடா கால்மாடா என்று அங்கேயும் ஒரு வழக்கு நடந்தது. ராமக்காள் இரண்டு பேரையும் பொதுவாக வைதாள். அந்த வசவை இங்கே எழுத முடியாது. அதன்பிறகு அண்ணன் தலைப்பக்கமும் புருசன் கால்பக்கமுமாகத் தூக்கினார்கள்.

வழி குறுகல். ஆண்டிச்சாமி பின்பக்கமாகவே நடக்க வேண்டியிருந்தது. கொஞ்ச தூரம் மூச்சிரைப்பு மட்டும்தான் கேட்டது. ஒரு வளைவு வந்தது.

"தல, மச்சான், தல. குனிங்க."

பேயாண்டியின் குரல். யார் மூலமாகவும் இல்லாமல், நேராக.

கனகலட்சுமி கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள். பிறகு தலைமாட்டிலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"குனிஞ்சுட்டேன் மாப்ள. நீங்க பாத்து வாங்க. எடது பக்கம் போவோம், வலது பக்கம் போனா முட்டுச்சந்து."

மூடிய கண்ணிலிருந்து கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. வழி நெடுகக் கிளை கிளையாகப் பிரிந்தது. கைடு விட்டுப்போன டார்ச்சோடு பின்னால் வந்த ராமக்காள் ஒவ்வொரு முனையிலும் எந்தப் பக்கம் என்று கேட்டுப் பதறினாள். அவர்கள் ஒரு முனையிலும் தயங்கவில்லை. படி இருக்கு மச்சான் என்று ஒருவர், வழுக்கும் மாப்ள என்று ஒருவர், பேசிப் பேசி வழி கண்டுபிடித்துக்கொண்டு போனார்கள். அந்தக் கோடி லிங்கங்களும் சேர்ந்து கைபிடித்துக் கூட்டிப்போகின்றன என்று கனகலட்சுமி நினைத்துக்கொண்டாள்.

மேலே வேப்பமர நிழலில் படுக்கவைத்தார்கள். அல் அமீன் தண்ணீர் தெளித்ததும் அவள் கண் திறந்தாள். புருசனும் அண்ணனும் வேர்த்து விறுவிறுத்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"மாப்ள, திவ்யாவுக்கு நாந்தான் சீரு கொண்டாருவேன்" என்றார் ஆண்டிச்சாமி. "வெத்தல மட்டும் ஒங்க கொடிக்கால்ல இருந்து குடுத்துருங்க."

"நானே எறங்கிக் கிள்ளித் தாரேன் மச்சான்."

ராமக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அல் அமீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கார்ச் சாவியைத் துடைத்தான். அவனோடு இரண்டு பேரும் பழையபடி பேசத் தொடங்கினார்கள்.

கனகலட்சுமிக்கு மட்டும் சந்தோசத்துக்கு நடுவே ஒன்று உறுத்தியது. இப்படிப்பட்ட வெள்ளை மனசுக்காரர்கள் இரண்டு பேரைப் பொய்யாக மயங்கி விழுந்து ஏமாற்றிவிட்டோமே என்று இருந்தது. தெய்வம் கண் திறந்த இடத்தில் பொய்யை வைத்துக்கொண்டு இருக்கலாமா? எழுந்து உட்கார்ந்து கையைக் கூப்பினாள்.

"எனக்கு மயக்கமெல்லாம் ஒண்ணும் வரலங்க. அண்ணே, நீயும் மன்னிச்சிரு. நீங்க ரெண்டு பேரும் பேசணும்னுதான் அப்படி நடிச்சேன். இம்புட்டுப் பெரிய பொய்ய நான் சொன்னதே இல்ல."

இரண்டு பேரும் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேயாண்டி பெருமூச்சு விட்டு, குடும்பத்துக்காகச் சொல்கிற பொய் பொய்யில் சேராது என்று பெரிய மனசோடு சொன்னார். ஆண்டிச்சாமி அவள் தலையில் கை வைத்து, போனது போகட்டும், ஆனால் இனிமேல் கூடப்பிறந்தவனிடம் எதையும் மறைக்காதே ஆத்தா என்றார். அவர்களுடைய பெருந்தன்மையைப் பார்த்து அவளுக்கு இன்னும் அழுகை வந்தது.

எல்லோருக்கும் நாக்கு வறண்டிருந்தது. வாசலில் தள்ளுவண்டியில் எலுமிச்சை சோடா விற்கிற அம்மாள், வேலூர்ப் பக்கத்திலிருந்து அங்கே வாக்கப்பட்டுப் போனவள். தமிழ்ப் பேச்சு காதில் விழுந்ததும் எட்டிப் பார்த்தாள். பார்த்தவுடன் முகமெல்லாம் சிரிப்பாக, யாரும் கேட்பதற்கு முன்பே ஒரு தம்ளரில் உப்பும் ஒரு தம்ளரில் சர்க்கரையும் போட்டுக் கலக்கி எடுத்து வந்தாள். உப்பைப் பேயாண்டியிடமும் சர்க்கரையை ஆண்டிச்சாமியிடமும் சரியாக நீட்டினாள்.

"இன்னாண்ணா, வருசா வருசம் பொங்கல் முடிஞ்சதும் மச்சானும் மாப்ளயும் ஜோடியாத்தான வருவீங்க, இந்த வாட்டி வூட்டுல மாட்டிக்கினீங்களா?"